சைடு ப்ராஜெக்ட் பாட்டுகளுக்கு ஒரு பேரேடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1990-களில் காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தேன். கடையை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் நண்பர் ஒருவர், அந்த வேலைக்கு வெளியே வேறு பெயரில் ஒரு இசை முயற்சி நடத்தி வருகிறார். ஆச்சிமார் தாலாட்டு, கும்மிப் பாட்டு, நாதசுரம் இவற்றோடு சிந்தசைசர் சேர்த்துச் செய்கிற இசை. இதுவரை 2 ஆல்பம், 1 இ.பி. (ஆல்பத்தைவிடச் சின்னத் தொகுப்பு), 11 சிங்கிள் (தனிப்பாட்டு வெளியீடு) வந்திருக்கின்றன. எந்தப் பாட்டு எப்போது வந்தது, யார் பாடினார், யார் வாசித்தார் என்ற கணக்கை ஒரு பேரேடாக எழுதி வருவது நான்தான்.

அதைப் பார்த்துவிட்டு தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று சுற்று வட்டாரத்தில் இசை செய்கிற பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தார்கள். வாரம் ஒருவராவது அதே சந்தேகங்களோடு வருகிறார். அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

சைடு ப்ராஜெக்ட்னு சொல்றீங்களே, தனி ஆல்பம் போடுறதும் அதுவும் ஒண்ணுதானே அண்ணே?

ஒன்றில்லை. ஒரு பாடகர் தன் சொந்தப் பெயரில் பாட்டுப் போட்டால் அது தனி ஆல்பம். பிழைப்புக்கு ஒரு குழுவில் இருந்துகொண்டே, இன்னொரு பெயரில், பெரும்பாலும் வேறு ஆட்களோடு வேறு வகை இசையைச் செய்தால் அது சைடு ப்ராஜெக்ட். இங்கிலாந்தின் பிளர் குழுப் பாடகர் டேமன் ஆல்பர்ன், ஓவியர் ஜேமி ஹியூலெட்டோடு சேர்ந்து 1998-ல் தொடங்கிய கொரில்லாஸ் உலகம் அறிந்த உதாரணம். நம் ஊர்ப் பெயரையே சுமந்த மிருதங்க மேதை காரைக்குடி மணியும் (1945–2023) கச்சேரிகளுக்குப் பக்கவாத்தியம் வாசித்துக்கொண்டே, தாளத்தை முன்னால் நிறுத்தும் ‘ஸ்ருதி லயா’ குழுவை நடத்தினார்.

பட்டியல் எழுதுகிறவருக்கு இந்த வேறுபாடு ரொம்ப முக்கியம். ஆள் ஒருவர்தான், ஆனால் கணக்கு இரண்டு. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் பத்து வருஷம் கழித்து எது எதில் வந்தது என்று அவருக்கே தெரியாது.

ஸ்பாட்டிஃபைலயே எல்லாம் வரிசையா இருக்கே. அப்புறம் எதுக்கு நாம தனியா எழுதி வைக்கணும்?

இதைக் கேட்காத ஆள் இல்லை. ஸ்பாட்டிஃபை, ஜியோ சாவன், ஆப்பிள் மியூசிக் எல்லாமே கடைகள். இன்றைக்கு விற்பதற்கு என்ன இருக்கிறதோ அதைத்தான் கடை அலமாரியில் பார்க்கலாம். நேற்று என்ன இருந்தது, ஏன் எடுத்தார்கள், யார் தவில் வாசித்தார்கள் என்று அலமாரி சொல்லாது. உங்கள் பாட்டை இந்தக் கடைகளில் ஏற்றித்தரும் விநியோக நிறுவனத்துக்கு (டிஸ்ட்ரிபியூட்டர்) நீங்கள் கட்டவேண்டிய ஆண்டுச் சந்தாவை ஒரு வருஷம் விட்டுவிட்டால், பல நிறுவனங்களில் பாட்டு சத்தமில்லாமல் எல்லா இடத்திலிருந்தும் இறங்கிவிடும். சில நேரம் கடையே போய்விடும். லட்சக்கணக்கானோர் பயன்படுத்திய விங்க் மியூசிக் என்ற பாட்டுச் செயலி 2024-ல் மூடப்பட்டது. அதில் பயனர்கள் சேர்த்துவைத்த பட்டியல்களைச் சொந்தமாகக் குறித்து வைத்தவர்கள் எத்தனை பேர்?

நம் ஊரில் இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் படமெடுக்கப் போவதற்கு முன்னால் காரைக்குடியில் குடும்பக் கடையில் கிராமஃபோன் இசைத்தட்டு விற்றவர். 1930-களில் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்தக் காலத்து இசைத்தட்டு ஒன்றை இன்று கையில் எடுத்துப் பாருங்கள். நடு வட்டத்துக் காகிதத்தில் வரிசை எண் இருக்கும். அரக்கிலேயே பொறித்த இன்னொரு எண்ணும் இருக்கும். காகிதம் கிழிந்து போனாலும் அந்தப் பொறித்த எண்ணை வைத்து இது எந்தப் பதிவு என்று தேடிப்போக ஒரு வழி இருக்கிறது. செல்பேசியில் ஓடும் பாட்டில் அப்படித் தொட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. அதனால்தான் நாம் எழுதி வைக்கவேண்டியிருக்கிறது. கொண்டுவிற்கப் போன நம் முன்னோர் பர்மாவில் இருந்தாலும் மலேயாவில் இருந்தாலும் பேரேட்டையும் ஐந்தொகையையும் விடவில்லை. பாட்டுக்கும் அந்த ஒழுங்கு வேண்டும்.

பாட்டு, ரெக்கார்டிங், ரிலீஸ்... எல்லாம் ஒண்ணுதானே? பேரேட்டுல ஏன் மூணு தனிக் கட்டம் போடச் சொல்றீங்க?

ஒரு தாலாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லும் மெட்டும் சேர்ந்தது பாட்டு. அதை ஆச்சி ஒருநாள் சாயங்காலம் வீட்டு வளவில் உட்கார்ந்து பாடியதை நாம் பதிந்தோம், அது ஒரு பதிவு. அதே தாலாட்டை வேறொரு பெண் ஸ்டூடியோவில் கீபோர்டோடு பாடினால் அது இன்னொரு பதிவு. முதல் பதிவைச் சிங்கிளாகப் போட்டோம், அப்புறம் அதையே ஆல்பத்தில் ஆறாவது பாட்டாகவும் சேர்த்தோம். அவை இரண்டு வெளியீடுகள். ஆக ஒரு பாட்டு, இரண்டு பதிவு, இரண்டு வெளியீடு.

இதைப் பிரித்து எழுதாதவர்களின் பட்டியலில் ஒரே பாட்டு நாலு தடவை வரும், அல்லது நாலு வேறு பதிவுகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும். கீழே வருகிற பாதிச் சந்தேகங்களுக்கு இந்த ஒரு பிரிவு தெளிந்தாலே பதில் கிடைத்துவிடும்.

ஐ.எஸ்.ஆர்.சி., யு.பி.சி.ன்னு என்னமோ நம்பர் கேக்குறாங்க. இதெல்லாம் காசு கட்டி வாங்கணுமா?

ஐ.எஸ்.ஆர்.சி. என்பது ஒவ்வொரு பதிவுக்கும் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு. முதல் ஐந்தும் அதை வழங்கியவர் யார் என்பதைக் காட்டும், அடுத்த இரண்டும் வழங்கிய ஆண்டு, கடைசி ஐந்தும் வரிசை எண். உலக அளவில் இதை நிர்வகிப்பது ஐ.எஃப்.பி.ஐ. என்ற இசைத்தொழில் கூட்டமைப்பு, இந்தியாவில் இந்தியன் மியூசிக் இண்டஸ்ட்ரி அமைப்பு. யு.பி.சி. வெளியீட்டுக்கு உரிய எண், சோப்புக் கட்டியின் பார்கோடு போன்றது. இவை தவிர, பாட்டுக்கென்றே ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்று ஒன்று உண்டு, ‘டி’ என்ற எழுத்தில் தொடங்கும். முந்தைய பதிலில் சொன்ன மூன்றுக்கும் மூன்று எண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டையும் பெரும்பாலான விநியோக நிறுவனங்கள் தாங்களே தந்துவிடும், தனியாக வாங்க வேண்டியதில்லை. தந்ததை எழுதி வைப்பதுதான் உங்கள் வேலை. ஒரே பதிவு சிங்கிளிலும் ஆல்பத்திலும் வந்தால் ஐ.எஸ்.ஆர்.சி. மாறக்கூடாது. ரீமிக்ஸ் செய்தாலோ, வெட்டிச் சுருக்கினாலோ, புதிதாகப் பாடினாலோ புது எண் வாங்கவேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டரை மாத்தினேன், பழைய ஸ்ட்ரீம் கணக்கு மொத்தமும் பூஜ்யமாயிடுச்சு. திரும்ப வருமா?

எங்களுக்கும் 2022-ல் இது நடந்தது. ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்குப் போனபோது, பழைய எண்களைக் கேட்டு வாங்காமல் முதலில் கணக்கை மூடிவிட்டேன். புது நிறுவனம் புது ஐ.எஸ்.ஆர்.சி. போட்டது. 7 பாட்டுகளை மூன்று வருஷத்தில் எத்தனை தடவை கேட்டார்கள் என்ற எண்ணிக்கை போயிற்று. மக்கள் தங்கள் பட்டியல்களில் சேர்த்து வைத்திருந்த இணைப்புகளும் செத்துப்போயின. பழைய நிறுவனத்துக்கு எழுதிய மின்னஞ்சல்களுக்குப் பதில் வரவில்லை. ஆச்சி ஒருத்தர் பாடிய பாட்டு அதில் இருந்தது. அவர் பேரன் சிங்கப்பூரிலிருந்து போன் செய்து, “பாட்டைக் காணோமே, எடுத்துட்டீங்களா?” என்று கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை.

முறை இதுதான். முதலில் பழைய கணக்கிலிருந்து ஐ.எஸ்.ஆர்.சி., யு.பி.சி. எண்களை எடுத்து எழுதுங்கள். புது இடத்தில் அதே ஒலிக்கோப்பு, அதே எண், எழுத்துப் பிசகாத அதே தலைப்பு, அதே கலைஞர் பெயர் என்று ஏற்றுங்கள். புதியது கடைகளில் தெரிய ஆரம்பித்த பிறகே பழையதை இறக்குங்கள். இப்படிச் செய்தால் எண்ணிக்கை பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே இறக்கிவிட்டவர்களும் பழைய எண்களைப் போட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள், சிலருக்குத் திரும்பி வந்திருக்கிறது.

நாலு பாட்டு இருக்கு. இது சிங்கிளா, இ.பி.யா, ஆல்பமா?

ஆப்பிள் வைத்திருக்கும் கணக்கு: 1 முதல் 3 பாட்டு, ஒவ்வொன்றும் 10 நிமிடத்துக்குள் என்றால் சிங்கிள். 4 முதல் 6 பாட்டு, மொத்தம் 30 நிமிடத்துக்குள் என்றால் இ.பி. அதற்கு மேல் ஆல்பம். நீங்கள் ஆல்பம் என்று நினைத்துச் செய்ததைக் கடை இ.பி. என்று காட்டினால் வருத்தப்பட வேண்டாம். உங்கள் பேரேட்டில் உங்கள் வார்த்தையை எழுதி, பக்கத்தில் கடை சொன்னதையும் குறித்துவிடுங்கள்.

பேரைத் தமிழ்ல போடலாமா, இங்கிலீஷ்ல போடணுமா? ரெண்டும் போட்டா ரெண்டு பக்கம் வருது.

தமிழில் போடுங்கள் என்பது என் ஆசை. ஆனால் கலைஞர் பெயருக்கு ஏதாவது ஒரு எழுத்தைத் தேர்ந்துகொண்டு அதை எந்தக் காலத்திலும் மாற்றாமல் இருப்பதுதான் ஆசையைவிட முக்கியம். ஒரு சிங்கிளில் தமிழ், அடுத்ததில் ஆங்கிலம் என்று போனால் கடை உங்களை இரண்டு ஆளாக எண்ணிக்கொள்ளும். ஆங்கில எழுத்தென்றால் இன்னும் கவனம் தேவை. காரைக்குடிக்கு ஒரு ‘கே’ போடுபவரும் உண்டு, இரண்டு போடுபவரும் உண்டு. ‘யாழ்’ என்பதில் வரும் ழகரத்துக்கு ‘இசட்-எச்’ என்கிறார் ஒருவர், ‘எல்’ என்கிறார் இன்னொருவர். முடிவு செய்ததைப் பேரேட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். பாட்டுத் தலைப்பை மட்டுமாவது தமிழில் வையுங்கள், மொழி என்ற இடத்தில் தமிழ் என்று மறக்காமல் தேர்ந்தெடுங்கள்.

தமிழ் எழுத்திலேயே கண்ணுக்குத் தெரியாத சிக்கல்கள் உண்டு. ‘ஔ’ என்பது ஒரே எழுத்து. சிலர் ‘ஒ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டுவிடுவார்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும், தேடினால் கிடைக்காது. ‘ஸ்ரீ’யை யூனிகோடில் இரண்டு விதமாகத் தட்டலாம், கணினிக்கு அவை இரண்டும் வேறு. பழைய கேசட் அட்டை வடிவமைப்பாளரிடமிருந்து, யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் வந்ததை அப்படியே ஒட்டினால் கடையில் பெயருக்குப் பதில் குப்பைதான் தெரியும். ஒரு தடவை யூனிகோடில் சரியாகத் தட்டி வைத்து, எப்போதும் அங்கிருந்தே நகலெடுங்கள்.

எங்க குழுப் பேர்லயே வடக்கே யாரோ இருக்காங்க. எங்க பாட்டு அவங்க பக்கத்துல போய் உக்காந்துக்குது!

பெயர் வைக்கும்போதே நாலைந்து கடைகளில் தேடிப் பார்ப்பது நல்லது. ஏற்கெனவே நடந்துவிட்டால் உங்கள் விநியோக நிறுவனத்திடம் சொல்லி உங்களுக்கென்று தனிக் கலைஞர் பக்கம் கேளுங்கள். ஸ்பாட்டிஃபையில் கலைஞர்களுக்கான கணக்கு வழியாகவும், தவறான பக்கத்தில் விழுந்த பாட்டைச் சுட்டிக்காட்ட வழி உண்டு. உங்கள் கலைஞர் பக்கத்தின் அடையாள எண்ணைப் பேரேட்டில் எழுதி, அடுத்த வெளியீட்டை ஏற்றும்போது அதைக் குறிப்பிட்டால் மறுபடி நழுவாது. பட்டியலில் பெயருக்கு அருகே ‘காரைக்குடி, தாலாட்டும் மின்னிசையும்’ என்பது போல ஒரு சின்ன விளக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெயின் குழுவோட பேரைச் சேர்த்துப் போட்டா நாலு பேரு கேப்பாங்கல்ல? போடலாமா?

வேண்டாம். குழுவில் மற்றவர்கள் வியர்வை சிந்திச் சேர்த்த பெயர் அது. அவர்கள் வாசிக்காத பாட்டில் அதைப் போடுவது முறையில்லை. அறிமுகக் குறிப்பில் ‘இன்ன குழுவில் கீபோர்டு வாசிப்பவர்’ என்று சொல்லலாம், அதற்கு யாரும் கோபிக்க மாட்டார்கள். குழுவோடோ, கேசட்-சிடி நிறுவனத்தோடோ நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்தால் அதைத் தேடியெடுத்துப் படியுங்கள். வேறு பெயரில்கூடப் பதிவு செய்யக்கூடாது என்ற வரி சிலவற்றில் இருக்கும்.

பட்டியலில் குழு தனி, ஆள் தனி. வீணையில் புகழ்பெற்ற காரைக்குடி சகோதரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் என்று இருவருக்கும் தனித்தனிப் பக்கம், ‘காரைக்குடி சகோதரர்கள்’ என்பதற்கு மூன்றாவது பக்கம். அந்த மூன்றாவதிலிருந்து இருவருக்கும் ஒரு கோடு. புனைபெயருக்கும் இதே வழிதான். ஷான் ரோல்டன் என்ற பெயரில் இசையமைப்பவரின் இயற்பெயர் ராகவேந்திரா. அவருக்கு ஒரே பக்கம் போட்டு, பாட்டில் எந்தப் பெயர் அச்சானதோ அதை அப்படியே காட்டலாம்.

எங்க ஆச்சி பாடின தாலாட்டைப் பதிஞ்சு பீட் சேர்த்திருக்கேன். யார் பேரைப் போடுறது? அது பொதுப் பாட்டுதானே?

இந்தக் கேள்வி வரும்போது நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். சொல்லும் மெட்டும் வழிவழியாக வந்தவை என்றால் பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்ற இடங்களில் ‘மரபுப் பாடல்’ என்று எழுதுங்கள். இசைச் சேர்ப்பு உங்களுடையது, அதற்கு உங்கள் பெயர். ‘இயற்றியவர்’ என்று உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தத் தாலாட்டு உங்களுக்கு முன்னால் எத்தனையோ தொட்டிலை ஆட்டியிருக்கிறது.

பாட்டு பொது என்பதால் பாடியவரும் பொது ஆகிவிட மாட்டார். ஆச்சியின் குரல் ஆச்சிக்குச் சொந்தம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் பாடியவருக்குத் தனியாக நிகழ்த்துநர் உரிமை தருகிறது, அது 50 ஆண்டு. ஒலிப்பதிவின் உரிமை 60 ஆண்டு, அது வேறு கணக்கு. ஆகவே முதன்மைப் பாடகர் என்ற இடத்தில் ஆச்சியின் முழுப்பெயர் வரவேண்டும். சம்மதத்தையும் அவர் குரலிலேயே பதிந்துகொள்ளுங்கள். “இதை எல்லாரும் கேக்கற மாதிரி போடலாமா ஆச்சி?” என்று கேட்டு அவர் சொல்லும் பதில் அந்தக் கோப்போடு சேர்ந்தே இருக்கட்டும். காசு வந்தால் அவருக்குப் பங்கு உண்டு என்பதையும் அப்போதே சொல்லுங்கள்.

நகரத்தார் வீட்டுத் தாலாட்டில் இன்னொரு விஷயம். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோவில்களில் அவரவர் கோவில் பெயர் பாட்டுக்குள் வரும். அம்மான் கொண்டுவந்த சீர் வரும். பாடுகிறவர் அந்தப் பிள்ளைக்கேற்ப வரிகளைச் சேர்த்துக்கொண்டே போவார். அதனால் ஒரே தாலாட்டை இரண்டு ஆச்சிகள் பாடினால் சொல் ஒன்றாக இருக்காது. யார் பாடினார், எந்த ஊர், யாரிடம் கற்றார், எந்தப் பிள்ளைக்காக முதலில் பாடினார் என்று கேட்டு எழுதுங்கள். விநியோகப் படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது, உங்கள் பேரேட்டில் போதுமான இடம் இருக்கிறது. முழு வரிகளையும் எழுதிவைத்து அவரிடமே படித்துக்காட்டுங்கள், நாம் தப்பாகக் கேட்ட நாலு சொல்லாவது திருந்தும்.

நம்ம பாட்டுக்கே யூடியூப்ல காப்பிரைட் க்ளெய்ம் வந்துருச்சு. இது என்ன கூத்து?

பெரும்பாலும் உங்கள் விநியோக நிறுவனம்தான் உங்கள் சார்பில் அதைப் போட்டிருக்கும். பதிவை யூடியூபின் கண்டெண்ட் ஐடி அமைப்பில் சேர்த்தால், யார் பயன்படுத்தினாலும் தானாகக் கண்டுபிடிக்கும், நீங்களே ஆனாலும் சரி. உங்கள் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். பாட்டில் இணையத்திலிருந்து எடுத்த பொது லூப் (திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துணுக்கு) ஏதாவது இருந்தால் கண்டெண்ட் ஐடியில் சேர்க்கவே கூடாது. அதே லூப்பைப் பயன்படுத்திய வேறு யாருடைய வீடியோவையோ அது பிடித்துவிடும். எந்தப் பாட்டில் எந்த லூப், எங்கிருந்து வாங்கியது என்பதற்கும் பேரேட்டில் ஒரு கட்டம் வையுங்கள்.

கொப்புடையம்மன் திருவிழாவுல வாசிச்சதை லைவ்வா பதிஞ்சோம். நடுவுல ரெண்டு பழைய சினிமாப் பாட்டு. அஞ்சு வருஷம் ஆனா யாரும் போடலாம்னு சொல்றாங்களே?

பாதி உண்மை, அதுதான் ஆபத்து. பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு, முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகே கவர் பதிவுக்கு, அதாவது பிறர் பாட்டை நாம் மறுபடி பாடிப் பதிவதற்கு, வழிவிடுகிறது. அதுவும் உரிமையாளருக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து, ராயல்டியை முன்பணமாகக் கட்டிய பிறகு. பாட்டையும் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. இலவசம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. கோவில் மேடையில் வாசிப்பது ஒன்று, அதைப் பதிந்து உலகத்துக்கு வெளியிடுவது வேறொன்று. அனுமதி கிடைக்கும்வரை அந்த இரண்டையும் விட்டுவிட்டு உங்கள் பாட்டுகளை மட்டும் போடுங்கள்.

பட்டியலில் இவை புதுப் பதிவுகள், புது ஐ.எஸ்.ஆர்.சி. தலைப்புக்குப் பின்னால் நேரலை என்று குறித்து, நாளும் இடமும் எழுதுங்கள். வெளியிடாத அந்த இரண்டு பாட்டையும் ‘பதிவானது, வெளியாகவில்லை’ என்று எழுதத்தான் வேண்டும்.

காசு வருமாண்ணே, உண்மையைச் சொல்லுங்க.

எங்களுக்கு வந்தது ஸ்டூடியோ வாடகைக்கே பற்றவில்லை. ஸ்பாட்டிஃபையில் 30 வினாடியாவது கேட்டால்தான் ஒரு ஸ்ட்ரீம். 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமை எட்டாத பதிவுக்கு அங்கே பதிவு ராயல்டி கிடையாது. பத்துப் பாட்டுக்கும் சேர்த்து ஆயிரம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியாக ஆயிரம்.

ஆனால் காசு ஒரே வாசல் வழியாக வருவதில்லை. விநியோக நிறுவனம் தருவது பதிவுக்கான பணம். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய ராயல்டியை வசூலிப்பது 1969-ல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம். அதில் உறுப்பினராகச் சேர்ந்து பாட்டுகளைப் பதிந்தால்தான் அந்தப் பணம் உங்களைத் தேடி வரும். அங்கே பதியும்போது பங்கு விகிதம் கேட்பார்கள். அதைப் பாட்டு முடிந்த அன்றே எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். நகரக் கணக்கில் புள்ளிக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று எழுதுகிறோமே, அதுபோல ஆளுக்கு இவ்வளவு என்று தெளிவாக இருக்கட்டும். ரூபாய் நாற்பது வரும்போது சண்டை வராது, நாற்பதாயிரம் வரும்போதுதான் வரும்.

முதல்ல யூடியூப்ல போட்டோம், ஆறு மாசம் கழிச்சுத்தான் மத்ததுல. எது ரிலீஸ் தேதி?

இரண்டையும் எழுதுங்கள். மக்கள் முதன்முதலில் கேட்க முடிந்த நாள் முதல் வெளியீட்டுத் தேதி. விநியோகப் படிவத்தில் ‘அசல் வெளியீட்டுத் தேதி’ என்று ஒரு இடம் இருக்கும், அங்கே அதைப் போடுங்கள். விட்டுவிட்டால் 2019-ல் வந்த பாட்டு 2023-ல் பிறந்ததாகக் கடை காட்டும். நாள் நினைவில்லை என்றால் மாதமும் ஆண்டும் போதும், அதுவும் இல்லையென்றால் ஆண்டு மட்டும். உத்தேசமாக ஒரு தேதியை எழுதவே வேண்டாம். 2015 ஜூலை முதல் உலகமெங்கும் புது இசை வெள்ளிக்கிழமை வருவது வழக்கம் என்பதால், ‘வெள்ளிக்கிழமைதான் இருக்கும்’ என்று கணக்குப் போட்டுத் தேதியை எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். சின்னக் குழுக்கள் தைப்பூசத்தன்றும் போடும், ஆச்சி பிறந்தநாளன்றும் போடும்.

ரிலீஸ் ஆன பிறகு மிக்ஸை மாத்தி அதே இடத்துல ஏத்திட்டோம். யாருக்கும் தெரியாது. பட்டியல்ல எழுதணுமா?

கட்டாயம் எழுதவேண்டும். இசைத்தட்டுக் காலத்தில் அச்சானது அச்சானதுதான். இப்போது வெளியான ஆல்பத்தை வெளியான பிறகும் திருத்தலாம். 2016-ல் அமெரிக்க ராப் பாடகர் கான்யே வெஸ்ட் தன் ஆல்பம் ஒன்றைக் கடையில் இருக்கும்போதே வாரக்கணக்கில் மாற்றிக்கொண்டிருந்தார். அதனால் முதல் வாரம் கேட்டவரும் மூன்றாம் மாதம் கேட்டவரும் ஒரே பாட்டைக் கேட்கவில்லை.

எண்களைப் பற்றிய பதிலில் சொன்னபடி, புது மிக்ஸுக்குப் புது ஐ.எஸ்.ஆர்.சி. வாங்கியிருக்கவேண்டும். அது கைமீறிப்போனால், பழைய கோப்பையும் புதிய கோப்பையும் இரண்டாக வைத்து, மாற்றிய தேதி, பாட்டின் நீளம், என்ன மாறியது என்று எழுதுங்கள். எங்கள் முதல் ஆல்பத்தின் மூன்றாவது பாட்டில் நாதசுரம் முன்னால் வரும்படி மாற்றினோம். பழைய மிக்ஸ்தான் பிடித்தது என்று இன்றும் கேட்டு எழுதுகிறார்கள். இரண்டும் இருப்பதால் கொடுக்க முடிகிறது.

ஒரு பாட்டை நாங்களே எடுத்துட்டோம், கூடப் பாடினவரோட மனஸ்தாபம். பட்டியல்ல இருந்தும் எடுத்துடலாமா?

எடுக்காதீர்கள். ‘இன்ன தேதியில் வந்தது, இன்ன தேதியில் எடுக்கப்பட்டது’ என்று இருக்கட்டும். காரணம் எழுதவேண்டியதில்லை. அவர் பெயரையும் அழிக்கவேண்டாம். கொடுக்கல் வாங்கல் முடிந்த கணக்கைக் கோடு போட்டு முடிப்போமே தவிர, பக்கத்தைக் கிழிப்பதில்லை.

வீட்ல பழைய கேசட் கிடக்கு, 90-கள்ல குழுவோட ஒத்திகை. இதையும் சேர்க்கணுமா?

சேருங்கள், இன்றே ஆரம்பியுங்கள். கடையில் ஆயிரக்கணக்கான கேசட்டைக் கையாண்டவன் என்பதால் சொல்கிறேன்: பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள், அது பிளேயரின் தலையிலும் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். நன்றாக இருப்பதை ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, பிளேயரின் தலையைத் துடைத்து, அப்புறம் பதியுங்கள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. எம்பி3 கேட்பதற்கு மட்டும். அட்டையின் இரண்டு பக்கத்தையும், கேசட் மேல் பேனாவில் எழுதியதையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்கு இதைவிட நல்ல கருவியில் பதிய ஆள் வரலாம்.

இதையெல்லாம் எங்க எழுதுறது? எக்செல் போதுமா?

போதும். ஒரு பதிவுக்கு ஒரு வரி, அவ்வளவுதான் அடிப்படை. அதோடு மியூசிக்பிரெயின்ஸ் என்ற திறந்த தரவுத்தளத்திலும் ஏற்றுங்கள். 2000-ல் தொடங்கியது, யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். பாட்டு, பதிவு, வெளியீடு என்று நான் மேலே பிரித்தது போலவே அங்கேயும் பிரித்திருக்கிறார்கள். மரபுப் பாடலுக்கென்றே தனிப் பெயரும் உண்டு. அதன் அடிப்படைத் தரவை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். சிடியோ கேசட்டோ அச்சடித்திருந்தால், அவற்றைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்திலும் சேர்க்கலாம்.

சின்னக் குழுதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று தயங்குபவர்களுக்குக் கோட்டையூர் ரோஜா முத்தையாவைச் சொல்வேன். பெயர்ப்பலகை எழுதிய ஓவியர். யாரும் மதிக்காத பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ் எல்லாவற்றையும் சேர்த்தார். அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994 முதல் அது சென்னையில் நூலகமாக இருக்கிறது. காலணாப் பாட்டுப் புத்தகத்தை இன்று ஆய்வாளர்கள் தேடி வந்து படிக்கிறார்கள்.

கணக்கு என் பேர்ல இருக்கு. எனக்கு ஒண்ணு ஆயிட்டா பாட்டெல்லாம் என்ன ஆகும்?

சந்தா நின்றால் பாட்டு இறங்கும், இரண்டாவது பதிலில் சொன்னதுதான். அதனால் கணக்கின் மின்னஞ்சல், கடவுச்சொல், சந்தா தேதி மூன்றும் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சலைத் தொடங்கி அதில் கணக்கு வைத்தால் இன்னும் நல்லது. பாட்டு எழுதியவர் இறந்த பிறகும் 60 ஆண்டு உரிமை இருக்கிறது, வாரிசுகள் அதைக் கோரலாம். ஆனால் எந்தெந்தப் பாட்டு என்று அவர்களுக்குத் தெரியவேண்டுமே.

எங்கள் பேரேட்டுக்கு மூன்று பிரதி. ஒன்று என் கணினியில், ஒன்று நண்பரின் தங்கை மகளிடம் கோவையில். மூன்றாவதை அச்செடுத்து, ஒலிக்கோப்புகள் உள்ள ஹார்டு டிஸ்கோடு நண்பர் வீட்டு இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறோம். வருஷம் ஒருமுறை ஆயுத பூஜையன்று வெளியில் எடுத்து, டிஸ்க் ஓடுகிறதா என்று பார்த்து, அந்த வருஷத்து வரிகளைச் சேர்க்கிறோம்.